நூறு ரூபா ரப்பரும் லட்ச ரூபா இன்ஜினும்

எங்கிட்ட ஒரு ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் இருக்குதுங்க, 2005 மாடல், 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் (டர்போன்னா எக்ஸாஸ்ட் புகையில சுத்தி இன்ஜினுக்குள்ள காத்தைத் திணிக்கிற விசிறி), அஞ்சு கியர் மேனுவல், மீட்டர்ல ரெண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டி ரொம்ப நாளாச்சு. குடும்பத்தோட போற காரை ஸ்போர்ட்ஸ் கார்னு சொல்லலாமான்னு கேக்குறவங்களுக்கு நான் பதில் சொல்றதில்ல. அந்தக் காலத்துல நம்ம ஊர் ரோட்டுல 150 குதிரைத்திறன் உள்ள கார் எத்தனை ஓடுச்சுன்னு கொஞ்சம் நெனைச்சுப் பாருங்க, மீதி தானா புரியும். நோம்பிக்கு ஊருக்குப் போனா பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாரும் ஒட்டுக்கா கேக்குறது ஒன்னேதான், "ஏன் கண்ணு, இன்னும் இதையவா வெச்சிருக்கற, ஒரு புது வண்டி எடுக்கக்கூடாதா?" எடுக்கலாம். ஆனா இதை விக்க மாட்டேன். விக்காம வெச்சிருக்கோணும்னா என்னென்ன பண்ணோணும்ங்கிறதைத்தான் இங்க எழுதப்போறேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், டீ வெச்சுட்டு வந்து படிங்க.

பழைய கார்ல இன்ஜின் பிளாக்கோ, கிராங்க்கோ, கியர்பாக்ஸோ தானா சாகுறது ரொம்ப அபூர்வம். அதையெல்லாம் கொல்றது பக்கத்துல இருக்குற ஒரு சல்லிக்காசு சாமான்தான். ஒரு ரப்பர் ஹோஸ், ஒரு பிளாஸ்டிக் ஃபிளேஞ்ச், பெல்ட்டை இழுத்துப் புடிக்கிற ஒரு டென்ஷனர், வருஷக்கணக்கா மாத்தாத ஒரு லிட்டர் பிரேக் ஆயில். அதனால நான் கிலோமீட்டரைப் பாத்து பயப்படுறதில்ல, வருஷத்தைப் பாத்துதான் பயப்படுறேன். இரும்பு கிலோமீட்டருக்குத் தேயும், ரப்பரும் பிளாஸ்டிக்கும் வண்டி ஓடுனாலும் ஓடாட்டியும் வருஷத்துக்கு வருஷம் செத்துட்டே இருக்கும். "வண்டி அம்பதாயிரம்தான் ஓடிருக்கு, அப்படியே புதுசு மாதிரி"ன்னு ஒருத்தர் 2006 மாடல் டர்போ காரை விக்க வந்தா நான் பானட்டைத் தொறந்து முதல்ல அமுக்கிப் பாக்குறது ஹோஸைத்தான்.

இந்தப் புத்தி எனக்கு கார் புக்குல இருந்து வரலைங்க, லாரில இருந்து வந்தது. எங்க பக்கம் சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடுன்னு எடுத்துக்கிட்டா வீட்டுக்கு வீடு லாரியோ ரிக் வண்டியோ பேசாத பழமையே இருக்காது. ரிக் வண்டி இங்க இருந்து கெளம்பி வட மாநிலம் வரைக்கும் போய் மாசக்கணக்குல போர் போட்டுட்டு வரும், அங்க போய் கம்ப்ரஸர் ஹோஸ் வெடிச்சா வேலை நின்னு போகும், ஆளுங்களுக்கு சம்பளம் மட்டும் ஓடும். அதனால கெளம்புறதுக்கு முன்னாடியே நல்லா இருக்குற ஹோஸைக் கழட்டிட்டு புதுசு போடுவாங்க, கழட்டுனதை ஸ்பேர்ல போட்டுக்குவாங்க. லாரி வெச்சிருந்த எங்க மாமா ஒருத்தரு பெல்ட்டு மாத்துறப்ப நான் கேட்டேன், "ஏனுங் மாமா, இது நல்லாத்தானுங்களே இருக்குது?" அவரு சொன்னது, "நல்லா இருக்கறப்ப மாத்துனாத்தான் தம்பி நம்ம வெலைக்கு மாத்தலாம், நாக்பூர்ல நின்னா அவன் சொல்ற வெலைக்கு மாத்தோணும்." அவரு காரு ஓட்டுனதே இல்ல, ஆனா டர்போ காருக்கு அதைவிட நல்ல அட்வைஸ் எனக்கு யாரும் இன்னும் சொல்லல.

அவரு வெச்சிருந்த மாதிரியே எங்கிட்டயும் ஒரு நோட்டு இருக்கு. போன்ல ஆப்பு, எக்ஸெல்லு எல்லாம் பாத்தேன், சரிப்படல, பட்டறைல கிரீஸ் கையோட எழுதறதுக்கு நோட்டும் பென்சிலும்தான் தோது. என்ன சாமான், எந்தக் கம்பெனி, எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டர்ல போட்டது, அடுத்து எப்ப, இவ்வளவுதான் அதுல. செகண்ட் ஹேண்ட்ல வண்டி எடுத்தீங்கன்னா பில்லு இல்லாத எந்த வேலையும் நடக்கலைன்னே வெச்சுக்கோங்க. "போன வருசம்தான் பண்ணுனது"ன்னு வாயில சொல்றதை நோட்டுல ஏத்தாதீங்க.

சரி, எதுல ஆரம்பிக்கிறதுன்னா கூலிங்ல. நம்ம ஊர் வெயிலுக்கு இதுதான் முதல். ஏப்ரல் மே மாசத்துல ஈரோடு, கரூர் பக்கம் மத்தியானத்துல ஏசியைப் போட்டுட்டு டிராஃபிக்ல நின்னீங்கன்னா பானட்டுக்கு அடியில என்ன நடக்குதுன்னு யோசிங்க, இன்ஜின் சூடு, டர்போ சூடு, ஏசி கண்டன்ஸர் சூடு எல்லாம் சேந்து அந்தச் சின்ன இடத்துல வெந்துட்டு இருக்கும், அதுக்கு நடுவுலதான் இருபது வருஷப் பிளாஸ்டிக்கெல்லாம் உக்காந்திருக்கும். என் வண்டில சிலிண்டர் ஹெட்டுக்கு சைடுல ஒரு பிளாஸ்டிக் ஃபிளேஞ்ச் வருது, அதுல இருந்துதான் ஹோஸ் பிரிஞ்சு போகும், டெம்பரேச்சர் சென்ஸரும் அதுலதான். வெயில்லயும் சூட்டுலயும் மொறுமொறுன்னு ஆகி ஒரு நாள் மயிரிழை அளவுக்கு விரிசல் விடும், கூலன்ட் சொட்டு கியர்பாக்ஸ் மேல விழுந்து காஞ்சு போய் ரோஸ் கலர்ல உப்பு மாதிரி படிஞ்சிருக்கும், தரையில ஒரு சொட்டு இருக்காது. தரையைப் பாத்துட்டு லீக்கே இல்லைன்னு சொல்றவங்க டார்ச் எடுத்து அந்த இடத்தை ஒருக்கா பாருங்க. அந்த ஃபிளேஞ்ச் சில நூறு ரூபாதான். அது உடைஞ்சு கூலன்ட் போய் ஹெட்டு வளைஞ்சா, ஹெட்டை எறக்கி, கேஸ்கட் மாத்தி, லேத்துல கொடுத்து ஃபேஸிங் பண்ணி ஏத்துறதுக்குள்ள ஒரு செகண்ட் ஹேண்ட் மாருதி வாங்கிப்போடலாம்.

இன்னொன்னு, மீட்டர்ல டெம்பரேச்சர் முள்ளை நம்பாதீங்க. ஸ்கோடா இருக்குற ஃபோக்ஸ்வேகன் குரூப் வண்டிக பலதுல முள்ளு 90ல வந்து நின்னுச்சுன்னா உள்ள 80 டிகிரி இருந்தாலும் 105 இருந்தாலும் 90லயே நிக்கும், ஓட்டுறவங்க பதறக்கூடாதுன்னு அப்படித்தான் செட் பண்ணி வெச்சிருக்காங்க. முள்ளு நகருது, செவப்பு லைட்டு எரியுதுன்னா ஏற்கெனவே நெலமை மோசம்னு அர்த்தம். அதனால வண்டி கம்ப்யூட்டரைப் படிக்கிற ஓபிடி போர்ட்டுல சொருகுற ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்னு வாங்கி போன்லயே நெசமான டிகிரியைப் பாருங்க. கோயமுத்தூர்ல இருந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் எவ்ளோ, கோத்தகிரி ஏர்றப்ப எவ்ளோ, சிக்னல்ல நிக்கிறப்ப எவ்ளோன்னு நல்லா இருக்குற காலத்துலயே ஒரு கணக்கு தெரிஞ்சு வெச்சிருந்தீங்கன்னா அது மாறுறப்ப பிரச்சனை வர்றதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரிஞ்சுடும். ஹைவேல 70 டிகிரிக்கு மேல ஏறவே மாட்டேங்குதுன்னா சூடானா மட்டும் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடுற தெர்மோஸ்டாட் வால்வு தொறந்தபடி மாட்டிக்கிச்சுன்னு அர்த்தம், வண்டி சில்லுன்னு ஓடுதேன்னு சந்தோசப்படாதீங்க, இன்ஜின் பச்சையாவே ஓடி பெட்ரோலை ஜாஸ்தி குடிச்சிட்டு இருக்கும்.

கூலன்ட் விசயத்துல ஒரு சண்டையே போடலாம். நம்மாளுக ரேடியேட்டர்ல என்ன வேணா ஊத்துவாங்க. போர் தண்ணியை ஊத்துறது தப்புன்னு இப்ப எல்லாருக்கும் தெரியும், எங்க பக்கத்து போர் தண்ணில பக்கெட்டுலயே வெள்ளையா கறை புடிக்குது, ரேடியேட்டருக்குள்ள என்ன புடிக்கும்? ஆனா கோயமுத்தூர்க்காரங்க ஒரு படி மேல போய் "இது சிறுவாணித் தண்ணிங்க, ஒன்னும் ஆகாது"ன்னு பெருமையா ஊத்துறாங்க. சிறுவாணி குடிக்கிறதுக்கு அமிர்தம், ஒத்துக்குறேன், ரேடியேட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர்தான். வண்டிக்குச் சொன்ன கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. பச்சை, நீலம், ரோஸுன்னு கலரைப் பாத்து ஊத்தாதீங்க, டப்பாவுல ஸ்பெக் எழுதிருக்கும், அதைப் படிச்சு ஊத்துங்க, வேற வேற வகையைக் கலந்தா உள்ள கட்டியாகி ஹீட்டர் கோரை அடைச்சுக்கும்.

அடுத்தது டைமிங் பெல்ட், பிஸ்டனும் வால்வும் ஒன்னோட ஒன்னு நேரம் தப்பாம ஓட வெக்கிற பெல்ட்டு. இங்கதான் நான் யார்கிட்டயும் சமாதானம் ஆகுறதில்ல. இந்த 1.8 டர்போ இன்ஜின்ல சிலிண்டருக்கு அஞ்சு வால்வு, மூனு உள்ள எடுக்க, ரெண்டு வெளிய விட, நாலு சிலிண்டருக்கு மொத்தம் 20. பெல்ட்டு, வெளிய விடுற வால்வைத் தொறக்குற எக்ஸாஸ்ட் கேம்ஷாஃப்டை மட்டும் சுத்தும், அந்தக் கேம்ல இருந்து இன்டேக் கேமுக்கு இன்னொரு கோடியில சின்னதா ஒரு செயின் போகும். இன்டர்ஃபியரன்ஸ் இன்ஜின், அதாவது பெல்ட்டு அறுந்தா வால்வு தொறந்தபடி நிக்கும், கீழ இருந்து பிஸ்டன் வந்து முட்டும். அப்புறம் பேச ஒன்னுமில்ல.

எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன் இதே இன்ஜின் இருக்குற வண்டி ஒன்னை எடுத்தான், வித்தவர் பெல்ட்டு மாத்தியாச்சுன்னு சொன்னாராம், பில்லு இல்ல. அவரு பொய் சொல்லல போல, பெல்ட்டை மட்டும் நெசமாவே மாத்திருந்தாங்க. டென்ஷனரையும் ஐட்லர் ரோலரையும் பழசையே விட்டுட்டாங்க, காசு மிச்சம்னு. ரோலர் பேரிங் ஜாம் ஆகி அந்தப் புது பெல்ட்டைச் சவுட்டித் தள்ளிடுச்சு. ஹெட்டை எறக்கி கோயமுத்தூர் கணபதி பக்கம் ஒரு லேத்துப் பட்டறைக்கு எடுத்துட்டுப் போனப்ப நானும் கூடப் போனேன். அங்க பெரியவர் ஒருத்தர் வால்வை ஒவ்வொன்னா உருவி கண்ணாடிப் பலகை மேல வெச்சு விரலால உருட்டுனார். நேரா இருக்குறது சத்தமில்லாம உருண்டு போகும், வளைஞ்சது தலையை ஆட்டிக்கிட்டே போகும். பத்து வால்வை உருட்டுறதுக்குள்ள பையன் மூஞ்சியைப் பாக்க முடியல. பெரியவர் எதுவும் பேசல, வளைஞ்சதை இந்தப் பக்கம், நல்லதை அந்தப் பக்கம்னு ஒதுக்கிட்டே போனார், அந்தப் பக்கம் பெருசா ஒன்னும் சேரல.

அதனால பெல்ட்டு மாத்துறதுன்னா பெல்ட்டு, டென்ஷனர், அதோட டேம்பர், ஐட்லர், வாட்டர் பம்ப், புது கூலன்ட், வெளிய இருக்குற ஆல்டர்னேட்டர் பெல்ட்டு எல்லாம் ஒரே தடவைல. வாட்டர் பம்பைச் சுத்துறதும் இந்தப் பெல்ட்டுதான், அதோட பேரிங் போனாலும் பெல்ட்டு போச்சு. பழைய பம்புகள்ல உள்ள இருக்குற இம்பெல்லர் பிளாஸ்டிக்கா இருக்கும், அது ஷாஃப்டுல லூஸாகி சும்மா நின்னுட்டா பம்பு சுத்துது ஆனா தண்ணி போகாது, வெளிய இருந்து பாத்தா ஒன்னும் தெரியாது. இப்ப மெட்டல் இம்பெல்லர் வெச்சதும் கிடைக்குது, நான் அதைத்தான் போட்டிருக்கேன். எத்தனை கிலோமீட்டருக்கு ஒருக்கான்னு ஆளுக்கு ஒன்னு சொல்வாங்க, நான் 80,000 இல்லாட்டி அஞ்சு வருஷம், எது முன்னாடி வருதோ அது. பெல்ட்டு வேலை முச்சூடும் கூலி சேத்து இருபதாயிரம் பக்கம் வரும்னு வெச்சுக்கோங்க, ஹெட்டு வேலைக்கு ஒரு லட்சத்தை எடுத்து வெச்சுட்டுத்தான் பேச்சே ஆரம்பிக்கோணும்.

ஆயில் பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க, நான் ரெண்டு விசயம் மட்டும் சொல்றேன். புக்குல 15,000 கிலோமீட்டருக்கு ஒருக்கான்னு போட்டிருக்கும், அது புது வண்டிக்கு எழுதுனது. டர்போ உள்ள பழைய வண்டிக்கு பாதிக்குப் பாதி, 7,500 ஆனாலோ ஒரு வருஷம் ஆனாலோ வடிச்சிருங்க. டர்போ ஷாஃப்ட் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல சுத்துது, அதைத் தாங்கிப் புடிக்கிறது மெல்லிசா ஒரு ஆயில் படலம் மட்டும்தான். 5டபிள்யூ-40 ஃபுல் சிந்தெடிக், டப்பா பின்னாடி ஃபோக்ஸ்வேகன் 502 00ன்னு அப்ரூவல் எழுதிருக்கோணும், கடைக்காரர் "அதே மாதிரிதானுங்க"ன்னு சொல்றதை வாங்காதீங்க. ஏற்காடோ வால்பாறையோ வேகமா ஏறிப் போய்ட்டு மேல போனதும் டக்குனு ஆஃப் பண்ணுனீங்கன்னா டர்போவுக்குள்ள நின்ன ஆயில் அந்தச் சூட்டுல கருகி கரியாகும். கடைசி ஒரு கிலோமீட்டர் மெதுவா உருட்டிட்டு வந்து ஒரு நிமிஷம் ஐட்லிங்ல விட்டு ஆஃப் பண்ணுங்க.

ரெண்டாவது, அந்தக் கரி எங்க போகும்? இன்ஜினுக்கு அடியில ஆயில் தேங்குற தொட்டிதான் சம்ப்பு, அதுக்குள்ள ஆயிலை உறிஞ்சுற பைப்பு நுனியில ஒரு சல்லடை இருக்கும், அங்க போய் அடைக்கும். ஆயில் ஃபுல்லா இருக்கும், டிப்ஸ்டிக் சரியா காட்டும், ஆனா பிரஷர் குறையும், முதல்ல சாகுறது டர்போ, அப்புறம் கேம்ஷாஃப்ட். ஹிஸ்டரி தெரியாத வண்டி எடுத்தா சம்ப்பை எறக்கி அந்தச் சல்லடையை ஒருக்கா கண்ணால பாத்துருங்க. சம்ப்பைத் திரும்ப ஒட்ட ஒரு சீலன்ட் டியூப், மெக்கானிக்குக்கு அரை நாள் கூலி, செலவு அவ்வளவுதான்.

வேக்குவம் ஹோஸ் வேலை எனக்கு ரொம்பப் புடிச்ச வேலைங்க, சொன்னா சிரிப்பீங்க. இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில இன்ஜின் மூச்சு விடுற பிரீதர் ஹோஸ், செக் வால்வு, ஒய் கனெக்டர், டீ கனெக்டர்னு ஒரு குட்டி ஊரே இருக்கும், எல்லாம் ஆயில் ஆவியில ஊறி ஊறி, மேல பாத்தா முழுசா இருக்கும், கைல புடிச்சா அச்சு வெல்லம் மாதிரி உதிரும். அதுல ஓட்டை விழுந்தா கணக்குல வராத காத்து உள்ள போகும், கம்ப்யூட்டர் அதைச் சமாளிக்க பெட்ரோலை ஜாஸ்தி அடிக்கும். ஸ்கேனர்ல லாங் டெர்ம் ஃபியூல் டிரிம்னு ஒரு நம்பர் வரும், அது பிளஸ் பத்து பர்சன்ட்டுக்கு மேல போய் நிக்குதுன்னா எங்கியோ காத்து திருடிட்டு இருக்குதுன்னு சந்தேகப்படுங்க. நெறைய பேரு இந்த எடத்துல ஏர் ஃப்ளோ சென்ஸரை மாத்து, ஆக்ஸிஜன் சென்ஸரை மாத்துன்னு ஆயிரக்கணக்குல செலவு பண்ணுவாங்க, கடைசில பாத்தா ஒரு சாண் ரப்பர் பைப்பு.

இதைக் கண்டுபுடிக்க நம்மூர் வழி ஒன்னு இருக்கு. சொட்டுநீர் சாமான் விக்கிற கடைல டர்போ இன்லெட் பைப்பு சைஸுக்கு ஒரு பிவிசி எண்ட் கேப் வாங்கி, அதுல ஓட்டை போட்டு பழைய டியூப்ல இருந்து வெட்டுன வால்வை எறக்கி எம்சீல் வெச்சு அடைச்சுக்கோங்க. ஏர் ஃபில்டர் பைப்பைக் கழட்டி அந்த எடத்துல இதைச் சொருகி கிளாம்ப் போட்டு, காத்தடிக்கிற பம்புல கொஞ்சமா, அரை பார் பிரஷருக்கு மேல போகாம அடிங்க. சோப்புத் தண்ணியை ஸ்பிரே பண்ணிட்டே போனா ஓட்டை இருக்குற எடத்துல நுரை கெளம்பும். எங்க மெக்கானிக் அண்ணன் மொதல் தடவை இதைப் பாத்துட்டு "தோட்டத்து சாமானைக் கொண்டாந்து ஜெர்மன் வண்டிக்கு வைத்தியமாக்கும்"னு சிரிச்சார், இப்ப அவரு பட்டறைலயே சைஸு சைஸா நாலு கேப் தொங்குது.

2025ல இருந்து இன்னொரு தலைவலி, 20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோல். கரும்பும் மக்காச்சோளமும் நம்ம காட்டுல வெளையுது, வெவசாயிக்கு வெலை கிடைச்சா நல்லதுதான், கோழிப்பண்ணைக்காரங்க மக்காச்சோளம் வெலையைப் பத்தி என்ன பேசுறாங்கன்னு பல்லடம் பக்கம் கேட்டுப் பாருங்க, அது தனி நாயம். 2005ல செஞ்ச வண்டியோட ரப்பர் இந்த அளவு எத்தனாலை மனசுல வெச்சுச் செஞ்சதில்ல. எத்தனால் பழைய ரப்பரை ஊற வைக்கும், கெட்டியாக்கும், காத்துல இருக்குற ஈரத்தையும் இழுத்துக்கும். மைலேஜ் குறையுதுன்னுதான் எல்லாரும் பொலம்புறாங்க, எனக்கு அது பெருசில்ல, என் பயம் சூடான இன்ஜின் மேல போற பெட்ரோல் ஹோஸ் கசியுறது. அங்க போகப்போறது ஒரு பார்ட்டு இல்ல, வண்டியே. அதனால டேங்கில இருந்து ஃபில்டர், ஃபில்டர்ல இருந்து ஃபியூல் ரெயில் வரைக்கும் வர்ற ரப்பர் துண்டுக அத்தனையும் மாத்திட்டேன், மாத்துறப்ப ஃபியூல் இன்ஜெக்ஷன் ஹோஸ், ஜே30 ஆர்9னு மேலயே பிரின்ட் பண்ணிருக்குற ஹோஸா பாத்து வாங்கோணும், சாதா பெட்ரோல் டியூப் ஆகாது, கார்புரேட்டர் வண்டி பிரஷருக்குத்தான் அது தாங்கும். கிளாம்பும் ஹோஸை அறுக்காத, ஓரம் மடிச்ச இன்ஜெக்ஷன் கிளாம்ப். எல்லாம் சேத்து ஒரு தடவை ஃபுல் டேங்க் போடுற காசு கூட வரல.

பிரேக்குக்கு வருவோம். கோயமுத்தூர் மோட்டார் ஸ்போர்ட் ஊரு, ரேஸ்காரர் கரிவரதன் பேர்ல செட்டிபாளையத்துல 2003ல இருந்து டிராக் இருக்கு, 2005ல ஃபார்முலா ஒன் ஓட்டுன நரேன் கார்த்திகேயன் நம்ம ஊரு, அதனால டீக்கடையில கூட பவர் பத்திப் பேசுவாங்க, பிரேக் ஆயில் பத்தி ஒருத்தரும் பேச மாட்டாங்க. டாட் 4 பிரேக் ஆயில் புதுசுல 230 டிகிரிக்குக் கீழ கொதிக்காது, ஈரம் சேந்துட்டா அந்த ஸ்டாண்டர்டே 155 வரைக்கும் எறங்கலாம்னு சொல்லுது. வால்பாறைல இருந்து ஆழியாருக்கு 40 ஹேர்பின் எறங்குறப்ப டிஸ்க்கு எவ்ளோ சூடாகும்னு நெனைச்சுக்கோங்க, ஆயில் கொதிச்சு ஆவியாச்சுன்னா பெடல் நேரா தரைக்குப் போகும். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்திருங்க, பழைய ஆயில் ஏபிஎஸ் யூனிட்டையும் உள்ளருந்து துருப்புடிக்க வைக்கும். கூடவே சக்கரத்துக்குப் போற ரப்பர் பிரேக் ஹோஸையும் மாத்துங்க, வயசானா உள்பக்கம் உப்பி அடைச்சுக்கிட்டு பெடலை விட்ட அப்புறமும் பிரேக்கை விடாது.

டயர்ல பட்டன் இருக்கான்னு மட்டும் பாக்காதீங்க, ஓரத்துல நாலு நம்பர் இருக்கும், 2319னா 2019ம் வருஷம் 23வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். ஆறு வருஷம் ஆனா எனக்கு அது டயர் இல்ல.

கியர் ஆயில் லைஃப்டைம்னு சொல்வாங்க, யாரோட லைஃப்னு சொல்ல மாட்டாங்க. ஜிஎல்-4 ஸ்பெக் உள்ள 75டபிள்யூ-90 போடுங்க, பட்டறைல சும்மா "90 ஆயிலு"ன்னு ஊத்துறது பெரும்பாலும் ஜிஎல்-5, அதுல இருக்குற கெமிக்கல், கியர் மாத்துறப்ப உரசாம சேத்து விடுற பித்தளை சிங்க்ரோ ரிங்குக்கு ஆகாது. சக்கரத்துக்குப் போற ஆக்ஸில் ஜாயின்ட்டை மூடிருக்குற ரப்பர் பூட் கிழிஞ்சு கிரீஸ் வெளிய தெறிச்சிருந்தா அன்னைக்கே மாத்துங்க, மண்ணு உள்ள போச்சுன்னா ஜாயின்ட்டே போச்சு. சஸ்பென்ஷன் புஷ்ஷு, இன்ஜின் மவுன்ட் பத்தி சொல்லிட்டே போகலாம், அதெல்லாம் சத்தம் போட்டுச் சொல்லிரும், சொல்றப்ப மாத்துனாப் போதும். மேல சொன்ன மத்த சாமானெல்லாம் சத்தம் போடாது, அதுதான் சங்கடமே.

பிளக்குக்கு கரன்ட் குடுக்குற இக்னிஷன் காயிலும் பெரிய சாமானைக் கொல்ற ரகம்தான். சிலிண்டருக்கு ஒன்னு, மொத்தம் நாலு. ஒன்னு போனா வண்டி மூனு சிலிண்டர்ல குலுங்கிக்கிட்டே ஓடும், ஓடுதேன்னு ஓட்டிட்டுப் போனா எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் போய் அதை எரிச்சுத் தீத்துரும். கன்வர்ட்டர் வெலையைக் கேட்டா அப்புறம் காயில் வெலையைப் பத்தி பேசவே மாட்டீங்க. பிளக்கு மாத்துறப்ப நாலு காயிலையும் ஒட்டுக்கா மாத்திருங்க, கழட்டுனதுல நல்லதா ஒன்னை டிக்கில போட்டு வெச்சுக்கோங்க, பத்து நிமிஷ வேலை, டூல் கூட தேவையில்ல.

வண்டியைக் கண்ணும் கருத்துமா பாத்துக்குறேன்னு கவர் போட்டு மூடி வெக்கிறவங்களைப் பாத்தா எனக்கு பாவமா இருக்கும். தோட்டத்துக் கொட்டகைல ரெண்டு மாசம் நிறுத்தி வெச்சுப் பாருங்க, எலி முதல்ல குடியேறுறது ஏர் ஃபில்டர் பெட்டில, அடுத்தது ஒயரிங். சீல்லாம் காயும், பிரேக் கேலிப்பர் ஒட்டிக்கும், பெட்ரோல் பழசாகும். வாரத்துக்கு ஒருக்காவாச்சும் அரை மணி நேரம், ஆயில் நல்லா சூடாகுற மாதிரி எடுத்து ஓட்டுங்க. நின்ன எடத்துலயே ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷத்துல ஆஃப் பண்றது ஓட்டாம இருக்குறதைவிட மோசம், எக்ஸாஸ்ட்டுல தண்ணி சேந்து துருதான் புடிக்கும்.

இவ்வளவையும் யாரு பண்றதுன்னு கேப்பீங்க. பெரிய ஷோரூம்ல இருபது வருஷ வண்டியைப் பாத்தாலே அட்வைசர் தம்பிக முகம் மாறிரும், நான் போன எடத்துல எல்லாத்தையும் அசெம்ப்ளியா மாத்தோணும்னு எஸ்டிமேட் போட்டாங்க, வண்டி வெலையைத் தாண்டிடுச்சு. ஒரு நல்ல தனி மெக்கானிக்கைப் புடிங்க, சாமானை நீங்களே பார்ட் நம்பர் பாத்து வாங்கிக் குடுங்க, டூப்ளிகேட் மாட்டுனா நீங்கதான் பொறுப்பு, அவரைக் கொறை சொல்ல முடியாது. பிரிக்கிறப்ப கூட நில்லுங்க, ஆனா தொணதொணக்காதீங்க. கூலியில பேரம் பேசாதீங்க.

ரீமேப், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர் புரோகிராமை மாத்தி பவர் ஏத்துறது, பண்ணலாமான்னு கேக்குற பசங்களுக்கு ஒன்னு சொல்றேன். இந்த இன்ஜின் தாங்கும், 150ல இருந்து நல்லா ஏறும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா டர்போ திணிக்கிற காத்தோட பிரஷரை, பூஸ்ட்டை, ஏத்துனா முதல்ல வெடிக்கிறது அந்த இருபது வருஷ ஹோஸுதான். மேல எழுதுனது முச்சூடும் முடிச்சுட்டு, நோட்டுல தேதி போட்டுட்டு, அப்புறம் வாங்க பேசலாம். பாதிப் பேரு அந்த வேலையை முடிக்கிறப்பவே, தொலைஞ்சு போன குதிரையெல்லாம் திரும்பி வந்துடுச்சுன்னு சொல்லி ரீமேப்பை மறந்துருவாங்க.

செலவைக் கூட்டிப் பாத்தா வருஷத்துக்கு ஒரு புது காரோட ரெண்டு மூனு மாச ஈஎம்ஐ அளவுக்கு வருது, இன்சூரன்ஸ் தனி. ஆர்சி 15 வருஷம் முடிஞ்சா அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா ரெனியூவல், கிரீன் டேக்ஸ், 2022 ஏப்ரல்ல காருக்கான ஃபீஸை 600ல இருந்து 5,000 ஆக்குனாங்க, வயசு கூடக் கூட அது ஏறத்தான் செய்யும்னு வெச்சுக்கோங்க. எஃப்சிக்குப் போறப்ப ஹெட்லைட் கண்ணாடி மஞ்சளா இருந்தா முன்னாடியே பாலிஷ் போட்டுட்டுப் போங்க, அதுக்குன்னே ரெண்டு தடவை அலைய விடுவாங்க.

இந்த வருஷம் நோட்டுல பாக்கி இருக்குறது கேம்ஷாஃப்டுக்கு நடுவுல இருக்குற செயின் டென்ஷனரோட கேஸ்கட்டும் அதுல இருக்குற அரை வட்ட ரப்பர் சீலும்தான், லேசா ஆயில் வேர்த்திருக்கு. கேஸ்கட் வந்துருச்சு, சீல் இன்னும் வரல. ஆடிப் பதினெட்டு முடிஞ்சு பட்டறை தொறந்ததும் வண்டியைக் கொண்டு போய் விடோணும், அதோட டென்ஷனர் பேடு எவ்ளோ தேஞ்சிருக்குன்னும் பாத்துரலாம்னு அண்ணன் சொல்லிருக்கார்.